வென்ற பிளக்கும் தோற்ற பிளக்கும்: தொழில்நுட்பத் தரநிலைப் போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்ஜர் முனை, வீடியோ கேசட், தண்டவாளத்தின் அகலம், சாட் செயலி. இவற்றில் எது நிலைத்தது, எது காணாமல் போனது என்ற பேச்சு வரும்போதெல்லாம் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை. சூத்திரம் ஒன்றே ஒன்று வரும், அதையும் முழுசாக நம்பச் சொல்லப் போவதில்லை.

தரநிலை என்றால் தரமானது என்றுதானே அர்த்தம்?

இல்லை. பாதிக் குழப்பத்துக்குக் காரணம் அந்தச் சொல்தான். 'தரமான பொருள்' என்று சொல்லும்போது வரும் தரம் வேறு, தரநிலை வேறு. தரநிலை என்பது ஓர் உடன்பாடு. தண்டவாளங்களுக்கு நடுவே இத்தனை மில்லிமீட்டர், பிளக்கில் இத்தனை ஊசி, கோப்பின் தொடக்கத்தில் இந்த பைட்டுகள் என்று பலரும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட சங்கதி சுமாராகவே இருக்கலாம். பலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அதன் மதிப்பு.

சாலையில் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இடமா வலமா, எது மேல் என்று கேட்பதில் பொருளில்லை. எல்லாரும் ஒரே பக்கம் போனால் போதும். ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3 அன்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அதிகாலை 4.50க்கு வண்டிகள் நின்றன, மெதுவாக எதிர்ப்பக்கம் போய் மறுபடி நின்றன, 5 மணிக்குக் கிளம்பின. வலப்பக்கம் ஓட்டுவதில் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த அண்டை நாட்டுக்காரர்கள் வலப்பக்கம் ஓட்டினார்கள், அவ்வளவுதான்.

பெரும்பாலான தரநிலைகள் இப்படிச் சமமாக இருப்பதில்லை. ஒன்று கொஞ்சம் வேகம், இன்னொன்று கொஞ்சம் மலிவு. அதைவிட முக்கியமாக, பல தரநிலைகளுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அது ஜெயித்தால் பணம் அவருக்கு. சண்டை அங்கேதான் பிடிக்கிறது.

நெட்வொர்க் எஃபெக்ட் என்கிறார்களே, அது என்ன?

வலைப்பின்னல் விளைவு. ஒரு பொருளை இன்னொருவரும் பயன்படுத்துவதால் அதே பொருள் எனக்கு மேலும் உபயோகமாகிறது என்றால், அங்கே இந்த விளைவு இருக்கிறது. உலகத்தில் ஒரே ஒரு தொலைபேசி இருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் தியோடர் வெயில், 1908ஆம் ஆண்டறிக்கையிலேயே ஏறக்குறைய இதைத்தான் எழுதினார். பொருளியலாளர்கள் அதைக் கணக்காக எழுத ஆரம்பித்தது வெகு தாமதமாக, 1974இல் ஜெஃப்ரி ரோல்ஃப்ஸின் கட்டுரையிலிருந்து என்று சொல்லலாம்.

பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் நாற்பது பேர் கொண்ட ஒரு குடும்ப சாட் குழு போதும். 'இந்தச் செயலி நம் தகவலையெல்லாம் எடுக்கிறது, வேறொன்றுக்கு மாறலாம்' என்கிறார் ஒருவர். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள். ஏழு பேர் மாறுகிறார்கள். அன்று இரவே ஒரு குழந்தையின் படம் பழைய குழுவில் வருகிறது. பாட்டி அங்கேதான் இருக்கிறார், அவருக்குப் புதிய செயலியை யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. ஒரு வாரத்தில் அந்த ஏழு பேரும் பழைய இடத்திலேயே பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். புதிய செயலியில் ஒரு குறையும் இல்லை. நாற்பது பேரும் ஒன்றாக மாறியிருந்தால் நாற்பது பேருக்கும் சரிதான். தனியாக முதலில் மாறுபவருக்கு மட்டும் நஷ்டம்.

இது நேரடி விளைவு. மறைமுகமாகவும் ஒன்று உண்டு. ஒரு கேம் கன்சோலை எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு நேரடியாக முக்கியமில்லை. ஆனால் வாங்கியவர்கள் அதிகம் இருந்தால் விளையாட்டு எழுதுபவர்கள் அங்கே வருவார்கள், அது எனக்கு முக்கியம். பிளாக்பெர்ரியும் விண்டோஸ் போனும் அடிபட்டது இந்த வழியில்தான். ஆள் குறைவு என்பதால் செயலி இல்லை, செயலி இல்லாததால் ஆள் வரவில்லை.

பயனாளர் இரட்டிப்பானால் மதிப்பு நான்கு மடங்கு ஆகும் என்பது உண்மையா?

அது மெட்காஃப் விதி. கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட்டைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்காஃப் சொன்னது. 10 பேர் இருந்தால் அவர்களுக்குள் 45 இணைப்புகள் சாத்தியம். 20 பேர் என்றால் 190. ஆள் இரட்டிப்பு, இணைப்பு நான்கு மடங்குக்குச் சற்று மேல். கணக்கில் பிழையில்லை. ஆனால் எல்லா இணைப்புக்கும் ஒரே மதிப்பு என்று அது வைத்துக்கொள்கிறது. என் தொடர்புப் பட்டியலில் இருக்கும் பாதிப் பேர் யாரென்றே எனக்கு ஞாபகமில்லை; உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆண்ட்ரூ ஓட்லிஸ்கோ போன்றவர்கள் வளர்ச்சி அதைவிட வெகு மெதுவானது என்று வாதிட்டிருக்கிறார்கள். நெட்வொர்க் கார்டு விற்பதற்காக 1980களில் காட்டப்பட்ட ஒரு ஸ்லைடுதான் இந்த விதியின் பிறப்பிடம் என்பதையும் மறக்க வேண்டாம். பெரியது மேலும் பெரிதாகும் என்ற திசை சரி, அந்த 'நான்கு மடங்கு' எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

நல்லது தோற்று மட்டமானது ஜெயிக்கும் என்பதற்கு பீட்டாமேக்ஸ்தானே சாட்சி?

பாதிச் சாட்சி. சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ கேசட் 1975இல் வந்தது, ஜேவிசியின் விஎச்எஸ் 1976இல். படத்தின் துல்லியத்தில் பீட்டா மேல் என்பது பலரும் சொல்லும் கதை. ஆனால் முதல் பீட்டா கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியும், விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம். சினிமா இரண்டு மணி நேரம் ஓடும். வீட்டில் பதிவு செய்யும் ஆளுக்கு எது 'நல்லது'? பாதிப் படத்தில் எழுந்து போய்க் கேசட் மாற்றுவதை யாரும் துல்லியம் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது, ஜேவிசி தன் வடிவத்தை மட்சுஷிதா, ஹிட்டாச்சி, ஷார்ப் என்று பல நிறுவனங்களுக்கும் தாராளமாக உரிமம் கொடுத்தது. கடையில் விஎச்எஸ் பெட்டிகள் அதிகமாயின, விலை இறங்கியது, வாடகைக் கடைகள் அலமாரியை விஎச்எஸ்ஸுக்கு ஒதுக்கின. அதன் பிறகுதான் வலைப்பின்னல் விளைவு சக்கரத்தைச் சுழற்றியது. 1988இல் சோனியே விஎச்எஸ் கருவி விற்க வந்துவிட்டது. தோற்ற பிறகும் பீட்டாமேக்ஸ் கேசட்டுகளை அந்த நிறுவனம் 2016 வரை விற்றது என்பது பலருக்கும் ஆச்சரியம்.

அப்படியானால் க்வெர்ட்டி விசைப்பலகை?

அந்தக் கதையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். கிறிஸ்டோஃபர் ஷோல்ஸ் உருவாக்கிய இந்த எழுத்து வரிசை, 1870களில் ரெமிங்டன் தட்டச்சுப் பொறியோடு பரவியது. 1936இல் ஆகஸ்ட் ட்வோராக் வேறொரு வரிசைக்குக் காப்புரிமை பெற்றார். அது கூடுதல் வேகம், உலகம் பழக்கத்தால் மட்டமானதில் சிக்கிக்கொண்டது என்ற வாதத்தைப் பொருளியலாளர் பால் டேவிட் 1985இல் எழுதிய கட்டுரை பிரபலமாக்கியது. 1990இல் லீபோவிட்ஸ், மார்கோலிஸ் என்ற இரு பொருளியலாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டினார்கள். ட்வோராக் வரிசையைப் புகழ்ந்த அமெரிக்கக் கடற்படைச் சோதனை நடந்த காலத்தில், ட்வோராக்கே கடற்படையில் இருந்தார். 1956இல் அமெரிக்க அரசுக்காக நடந்த இன்னொரு சோதனையில் மாறுவதால் லாபம் தெரியவில்லை.

என் கணிப்பு வேறு இடத்தில். இன்றைய கணினியில் ட்வோராக்குக்கு மாற நாலு கிளிக் போதும். புதிய விசைப்பலகை வாங்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், நீங்கள் எந்த வரிசையில் தட்டினீர்கள் என்பது படிப்பவருக்குத் தெரியவும் தெரியாது. அப்படியிருந்தும் மாறுபவர்கள் அரிது. ஆகவே இன்று க்வெர்ட்டியைக் காப்பாற்றுவது அடுத்தவர் அல்ல, உங்கள் விரல்கள். மாறுவதற்கு ஒரு செலவு இருக்கிறது, அது முழுக்க உங்கள் தலையில் விழுகிறது. எந்தத் தரநிலைச் சண்டையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மாறும் செலவை யார் சுமக்கிறார்கள்?

உண்மையிலேயே மேலானது தோற்றதற்கு உதாரணம் உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பிரிட்டனில் ரயில் பாதைகள் போட ஆரம்பித்த காலத்தில் ரயில் முன்னோடியான பொறியாளர் ஸ்டீபன்சன் வழியில் வந்தவர்கள் 4 அடி 8½ அங்குல அகலம் வைத்தார்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பொறியாளர் ப்ருனெல் 7 அடிக்குச் சற்று மேல் வைத்தார். அகலம் அதிகம் என்றால் வண்டி ஆட்டம் குறையும், வேகம் கூடும். இரண்டு பாதைகளும் க்ளாஸ்டர் நகரத்தில் சந்தித்தன. அங்கே ஒரு வண்டியிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கி அடுத்த வண்டியில் ஏற்றினார்கள். பயணிகளும் இறங்கி ஏறினார்கள்.

நாடாளுமன்றம் ஓர் ஆணையம் அமைத்தது. சோதனை ஓட்டங்களில் ப்ருனெலின் அகலப் பாதை எஞ்சின்தான் வேகமாக ஓடியது. ஆணையம் அதை ஒப்புக்கொண்டு, அதன் பிறகு குறுகலானதையே பரிந்துரைத்தது. காரணம் எளிமையானது: ஏற்கெனவே போட்டிருந்த குறுகல் பாதை சுமார் 1,900 மைல், அகலப் பாதை 270 மைல் சொச்சம். அகலத்தைக் குறுக்குவது சுலபம். குறுகலை அகலமாக்க வேண்டுமென்றால் பாலம், சுரங்கம், நடைமேடை எல்லாவற்றையும் இடிக்க வேண்டும். 1846இல் சட்டம் வந்தது. அப்போதும் கிரேட் வெஸ்டர்ன் விட்டுக்கொடுக்காமல் இழுத்துக்கொண்டே போய், 1892 மே மாதத்தில் ஒரு வார இறுதியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை இறக்கிக் கடைசி அகலப் பாதையையும் மாற்றியது.

இதன் அமெரிக்க மறுபதிப்பு இன்னும் விறுவிறுப்பு. தென் மாநிலங்களில் 5 அடி அகலம், வடக்கில் ஏறக்குறைய 4 அடி 9 அங்குலம். 1886 மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டே நாட்களில் தெற்கில் சுமார் 11,500 மைல் பாதையை மாற்றினார்கள். எப்படி? புதிய இடத்துக்கான ஆணிகளை வாரக்கணக்கில் முன்கூட்டியே அடித்து வைத்தார்கள். குறித்த நாளில் வண்டிகளை நிறுத்தினார்கள். ஒரு பக்கத் தண்டவாளத்தின் பழைய ஆணிகளைப் பிடுங்கி, அதை மூன்று அங்குலம் உள்ளே தள்ளி, வெளிப்பக்கம் புது ஆணி அடித்துவிட்டு அடுத்த துண்டுக்கு நகர்ந்தார்கள். எஞ்சின்களுக்கும் பெட்டிகளுக்கும் சக்கரங்களை உள்ளே நகர்த்தும் வேலை பட்டறைகளில் தனியாக நடந்தது.

இத்தனை கம்பெனிகள் ஒரே நாளில் எப்படி ஒத்துப்போயின என்றால், கட்டணம் நிர்ணயிக்க அவர்களுக்குள் ஏற்கெனவே ஒரு கூட்டணி இருந்தது. அதன் விளைவையும் சொல்ல வேண்டும். பாதை ஒன்றானதும் சரக்கு கப்பலிலிருந்து ரயிலுக்கு வந்தது. கட்டணம் மட்டும் இறங்கவில்லை. மாறும் செலவைச் சுமந்தவர்கள் லாபத்தையும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

சிறப்பை வைத்து முடிவாகவில்லை என்றால் வேறு எதை வைத்து?

அடுத்தவர் எதை வாங்குவார் என்று நாம் நினைக்கிறோமோ, அதை வைத்து. காட்ஸ், ஷாபிரோ என்ற இரு பொருளியலாளர்கள் 1985இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது. இன்றைய நிலையைவிட நாளைய எதிர்பார்ப்புக்கு எடை அதிகம். எது ஜெயிக்கும் என்று எல்லாரும் நம்புகிறார்களோ அது, எல்லாரும் நம்புவதாலேயே ஜெயிக்கும்.

டிவிடிக்கு அடுத்த தலைமுறை வட்டுக்காக ப்ளூ-ரேயும் எச்டி டிவிடியும் மோதியதில் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. 2008 ஜனவரி தொடக்கத்தில் வார்னர் நிறுவனம் இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. அன்று யார் வீட்டிலும் எந்தக் கருவியும் கெட்டுப்போகவில்லை. ஆனால் கடைக்காரர்களும் மற்ற ஸ்டூடியோக்களும் 'முடிந்தது' என்று முடிவு செய்துவிட்டார்கள். பிப்ரவரியிலேயே தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது.

இதற்கு நேரெதிரும் உண்டு: யாரும் அசையாத நிலை. ஃபாரல், சலோனர் என்ற இரு பொருளியலாளர்கள் இதைப் பென்குயின்களோடு ஒப்பிட்டார்கள். பனிக்கட்டியின் ஓரத்தில் கூட்டமாக நிற்கும்; பசிதான், ஆனால் தண்ணீருக்குள் சீல் காத்திருக்கலாம். யாராவது ஒன்று குதிக்கட்டும் என்று எல்லாமே நிற்கும். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று நாம் சொல்வதும் இதையேதான், அங்கே பூனைக்குப் பதில் சீல்.

அமெரிக்காவில் ஏஎம் வானொலி ஸ்டீரியோ ஆக முயன்றபோது இது நடந்தது. 1982இல் அரசு ஆணையம், எந்த முறை என்று தேர்ந்தெடுக்க மறுத்து, சந்தை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. பல முறைகள் போட்டியிட்டன. நிலையங்கள் எந்தப் பெட்டி வரும் என்று காத்தன, பெட்டி செய்பவர்கள் எந்த நிலையம் எதைப் பிடிக்கும் என்று காத்தார்கள். 1993இல் ஆணையம் ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தபோது கேட்பவர்கள் எஃப்எம் பக்கம் போய் வெகு நாளாகியிருந்தது. இலவு காத்த கிளி.

முதலில் சந்தைக்கு வருபவர் ஜெயிப்பாரா?

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். தரநிலைப் போர் பந்தியா படையா என்பதுதான் சிக்கல். பீட்டாமேக்ஸ் முந்தியது, தோற்றது. ரெமிங்டன் முந்தியது, நிலைத்தது. முந்துவதால் கிடைப்பது கூட்டம் சேர்க்கக் கொஞ்சம் அவகாசம், அவ்வளவே.

கோடிகள் செலவழித்து உருவாக்கியதைச் சிலர் ஏன் சும்மா கொடுத்துவிடுகிறார்கள்?

பெரிய சந்தையில் சின்னப் பங்கு, சின்னச் சந்தையில் முழுப் பங்கைவிட லாபம் தரலாம் என்பதால். இன்னொரு காரணம், சும்மா கொடுப்பது எதிர்பார்ப்பைத் திருப்பும்.

1990களின் தொடக்கத்தில் இணையத்தில் தகவல் தேட கோஃபர் என்ற முறை இருந்தது, மின்னசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கியது. வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. 1993 தொடக்கத்தில், கோஃபர் சர்வர் வைத்திருக்கும் சிலரிடம் கட்டணம் வாங்கப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வகம், டிம் பெர்னர்ஸ்-லீ அங்கே உருவாக்கிய வேர்ல்டு வைட் வெப்பை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தது. படமும் இணைப்பும் கலந்த பக்கங்கள் என்ற வசதியும் வெப்புக்கு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கோஃபரில் இனி எழுதினால் நாளை யாராவது பில் அனுப்புவார்களோ என்ற பயம் ஒரே அறிவிப்பில் விதைக்கப்பட்டுவிட்டது.

கணினியோடு கருவிகளை இணைக்கும் ஆப்பிளின் ஃபயர்வயர், யுஎஸ்பியைவிட அன்று வெகு வேகம். 1990களின் இறுதியில் ஆப்பிள் ஒரு போர்ட்டுக்கு ஒரு டாலர் கேட்டது. கணினிக்கு நாலு போர்ட் வைக்கும் தொழிலில் அது பெரிய காசு. பிறகு தொகையைக் குறைத்தார்கள், அதற்குள் யுஎஸ்பி எல்லா இடத்திலும் உட்கார்ந்துவிட்டது.

அண்மை உதாரணம் மின்சாரக் கார். டெஸ்லா தன் சார்ஜிங் முனையைப் பல ஆண்டுகள் தனக்கென்று வைத்திருந்தது. 2022 நவம்பரில் அதன் வடிவமைப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டது. 2023 மே மாதம் ஃபோர்டு ஏற்றது, ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ். அவர்கள் அதுவரை பிடித்துக்கொண்டிருந்தது சிசிஎஸ் என்ற வேறு முனை. டெஸ்லா திறந்தது வெறும் பிளக் அல்ல. அதன் பின்னால் ஏற்கெனவே நட்டு வைத்த சார்ஜிங் நிலையங்கள் இருந்தன.

எல்லாரும் ஒப்புக்கொண்ட தரநிலைக்குள் ஒருவரின் காப்புரிமை ஒளிந்திருந்தால்?

அதுதான் இந்தத் துறையில் வழக்கறிஞர்களுக்குச் சோறு. தரநிலை முடிவாவதற்கு முன் ஒரு காப்புரிமைக்கு மாற்று பத்து இருக்கும், விலை குறைவு. முடிவாகி, கோடிக்கணக்கில் கருவிகள் செய்த பிறகு மாற்றே இல்லை, கேட்டதுதான் விலை. அதனால்தான் தரநிலை அமைப்புகள், நியாயமான, பாரபட்சமற்ற நிபந்தனைகளில் உரிமம் தருவோம் என்று உறுப்பினர்களிடம் முன்கூட்டியே வாக்குறுதி வாங்குகின்றன. 'நியாயம்' எவ்வளவு என்பதில் வழக்குகள் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை.

பேராசை எப்படித் திரும்பி அடிக்கும் என்பதற்கு 2013இல் வந்த எச்இவிசி வீடியோ வடிவம். நல்ல தொழில்நுட்பம். ஆனால் அதன் காப்புரிமைகள் மூன்று தனித்தனி உரிமக் குழுக்களில் சிதறிக் கிடந்தன. மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதே தெளிவாக இல்லை. கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்றவர்கள் 2015இல் கூட்டுச் சேர்ந்து கட்டணமில்லாத ஏவி1 என்ற போட்டி வடிவத்தை உருவாக்கத் தொடங்கி, 2018இல் வெளியிட்டார்கள்.

அடாப்டர் வைத்துச் சமாளிக்க முடியாதா?

முடியும். இந்தத் துறையில் எல்லாரும் குறைத்து மதிப்பிடும் சாதனம் அடாப்டர்தான். எடிசனின் நேர்மின்சாரத்துக்கும் வெஸ்டிங்ஹவுஸின் மாறுமின்சாரத்துக்கும் நடந்த சண்டையில் நாம் கேட்டிருப்பது விளம்பரச் சவால்களையும் மின்சார நாற்காலியையும்தான். சண்டையை உண்மையில் தணித்தது சுழல் மாற்றி என்ற இயந்திரம். ஒருவகை மின்சாரத்தை உள்ளே வாங்கி இன்னொருவகையை வெளியே தரும். அது வந்த பிறகு நேர்மின்சாரக் கம்பி வைத்திருந்தவர் அதைப் பிடுங்காமலே மாறுமின்சார நிலையத்தோடு இணைந்துகொள்ளலாம். நியூயார்க்கில் கடைசி நேர்மின்சார இணைப்பு துண்டிக்கப்பட்டது 2007இல். நூறாண்டுக்கும் மேலாக இரண்டும் ஒரே நகரத்தில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

இதே அடாப்டர் மாற்றத்தைத் தள்ளியும் போடும். இணைய முகவரிகளைப் பாருங்கள். பழைய ஐபிவி4இல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள். போதாது என்று தெரிந்து 1990களிலேயே ஐபிவி6 வகுத்துவிட்டார்கள். 2011 பிப்ரவரியில் மையக் கையிருப்பு தீர்ந்தது. இணையம் நின்றதா? இல்லை. உங்கள் வைஃபை பெட்டி, வீட்டிலுள்ள பத்துக் கருவிகளையும் ஒரே முகவரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறது. என்ஏடி என்ற அந்த ஒட்டு வேலை நன்றாக நடப்பதால் யாருக்கும் அவசரமில்லை. ஐபிவி6க்கு மாறும் நிறுவனம் ஐபிவி4ஐயும் விட முடியாது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இரண்டு செலவு. எல்லாரும் மாறி முடித்த பிறகுதான் லாபம். மாறும்போது மாறுபவருக்கு மட்டும் செலவு.

1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் ஒரே நாளில், இணையம் இன்றும் பயன்படுத்தும் டிசிபி/ஐபி என்ற தகவல் பரிமாற்ற முறைக்கு மாற முடிந்தது. அன்று அதில் இருந்தது சில நூறு கணினிகள், பணம் கொடுத்தது ஒரே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. 'மாறாவிட்டால் இணைப்பு இல்லை' என்று சொல்ல ஆள் இருந்தார்.

பேசாமல் அரசே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் என்ன?

சில சமயம் அற்புதமாகப் பலிக்கும். ஐரோப்பாவில் 13 நாடுகளைச் சேர்ந்தவர்கள் 1987 செப்டம்பரில் கோபன்ஹேகனில் ஜிஎஸ்எம் கைபேசி முறைக்குக் கையெழுத்திட்டார்கள். 1991 ஜூலை 1 அன்று ஃபின்லாந்தில் முதல் அழைப்பு. ஒரு நாட்டுப் போன் அடுத்த நாட்டிலும் மணியடித்தது. அமெரிக்கா பல முறைகளைப் போட்டியிட விட்டதால் அங்கே கொஞ்ச காலம் குழப்பம். ஆனால் அந்தக் குழப்பத்தில்தான் சிடிஎம்ஏ முறை வணிகத்தில் வளர்ந்தது. பிறகு வந்த 3ஜியில் ஐரோப்பாவும் அதே கருத்தின் மேல்தான் கட்டியது. ஆகவே யார் புத்திசாலி என்று ஒற்றை வரியில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

சில சமயம் தவறான குதிரைமேல் பணம் கட்டுவார்கள். அதே ஐரோப்பா எச்டி-மேக் என்ற உயர்துல்லியத் தொலைக்காட்சி முறையை வளர்த்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸை அதில் ஒளிபரப்பிக்கூடக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே கைவிட்டார்கள், டிஜிட்டல் முறை வந்துவிட்டது.

யுஎஸ்பி-சி விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டம் போட்டது. 2024 டிசம்பர் 28 முதல் கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் அமலானது. நல்லதுதான் என்று நினைக்கிறேன். மேசை டிராயரில் கிடக்கும் என் கேபிள் குப்பையே சாட்சி சொல்லும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2009இல் இதே ஒன்றியம் நிறுவனங்களிடம் தன்னார்வ ஒப்பந்தமாக வாங்கியது மைக்ரோ யுஎஸ்பியை. அன்றே அதைச் சட்டமாக்கியிருந்தால், எந்தப் பக்கம் செருகுவது என்று மூன்று முறை திருப்பிப் பார்க்கும் அந்த முனை இன்றும் நம் கையில் இருந்திருக்கும்.

ஒருமுறை ஜெயித்துவிட்டால் பிறகு அசைக்கவே முடியாதா?

அசைக்கலாம். ஒரு வழி, மாறும் செலவைப் புதியவரே ஏற்றுக்கொள்வது. அமெரிக்காவில் 1950இல் அனுமதி பெற்ற சிபிஎஸ் வண்ணத் தொலைக்காட்சி முறையை, வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் பிடிக்காது. அது எடுபடவில்லை. 1953 டிசம்பரில் அனுமதி பெற்ற முறை, வண்ணப் படத்தையே பழைய பெட்டியிலும் கறுப்பு வெள்ளையாகத் தெரியச் செய்தது. அதற்காகப் பொறியாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பார்வையாளர் ஒரு காசும் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை, அதனால் ஒளிபரப்பாளருக்கும் பயமில்லை.

இன்னொன்று, ஒருவர் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியுமா என்பது. ஒரே போனில் ஐந்து சாட் செயலிகள் வைத்துக்கொள்ளலாம். அதனால் அங்கே கோட்டை பார்க்கத்தான் பெரிது. ஆர்குட்டும் மைஸ்பேஸும் அவ்வளவு சீக்கிரம் காலியானதற்கு இதுதான் காரணம் என்பேன். பழையதை மூடாமலே புதியதில் கணக்குத் தொடங்கலாம், நண்பர்கள் நகர நகர நாமும் நகரலாம். சேர்த்த அதே விளைவு பிறகு ஆளைக் கலைக்கவும் செய்யும்.

சரி, இப்போது ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கும்போது நான் வாங்கலாமா, காத்திருக்கலாமா?

மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். தோற்றால் என் பொருள் செத்துப்போகுமா, அல்லது அடாப்டரோடு பிழைக்குமா? ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டும் டெஸ்லா முனைக்கு மாறியபோது பழைய வண்டிக்காரர்களுக்கு அடாப்டர் வந்தது. எச்டி டிவிடி வாங்கியவருக்குப் புதுப் படம் வருவது நின்றது. என் தகவலை வெளியே எடுக்க முடியுமா? புகைப்படங்களும் கோப்புகளும் சாதாரண வடிவத்தில் வெளிவருமானால் பாதிப் பயம் போய்விடும். யார் செலவில் இந்த விலை இவ்வளவு மலிவு? கூட்டம் சேர்க்கும் வரை சும்மா கொடுப்பவர் சேர்ந்த பிறகும் அப்படியே கொடுப்பார் என்று வைத்துக்கொள்ள முடியாது.

பெரிய செலவு என்றால், கடைக்காரர் எதை அதிகம் அடுக்கி வைத்திருக்கிறார் என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். அவர் தன் சொந்தக் காசைப் போட்டு வாங்கி வைத்திருக்கிறார்.